எம்மாவு ஆலய ஆம்ப்ளிஃபையர் தேர்வுத் துணைக்குழு

ஜேசன் எழுதிய கடிதத்தில் பன்னிரண்டு சொற்கள் இருந்தன. ‘எலக்ட்ரிக் கிதாருக்கு ஒரு சிறிய ஆம்ப்ளிஃபையரை என் சொந்தச் செலவில் ஆலயத்துக்குக் கொண்டுவர அனுமதி வேண்டும்.’ அதற்கு எம்மாவு ஆலயக் கமிட்டி அனுப்பிய பதில் நான்கு பக்கம். முதல் இரண்டு பக்கங்களில் ஆலயத்தின் வரலாறு இருந்தது. மூன்றாம் பக்கத்தில் கமிட்டி உறுப்பினர்களின் பெயர்களும் அவர்கள் ஓய்வுபெற்ற பதவிகளும் இருந்தன. நான்காம் பக்கத்தின் கடைசி வரியில், தங்கள் கடிதம் கிடைத்தது என்று இருந்தது.

இது ஆகஸ்ட் மாதம். அவனுடைய அக்கா டெபோரா டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி அயர்லாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் புறப்படுகிறாள். அதற்கு முன்னால் கிறிஸ்துமஸ் கீத ஆராதனை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஏழு வயதிலிருந்து அந்த ஆலயப் பாடகர் குழுவில் மூன்றாவது வரிசையில் நின்றே பாடியவள் டெபோரா. இந்த வருடம் முதல்முறையாகத் தனியாகப் பாடக் கேட்டிருந்தாள், கொடுத்துவிட்டார்கள். பாட்டை அவளே எழுதியிருந்தாள். மற்ற மேய்ப்பர்கள் எல்லோரும் பெத்லகேமுக்குப் போன பிறகு, ஆடுகளைப் பார்த்துக்கொள்ள ஒருவன் மட்டும் வயலில் நின்றுவிடுகிறான். அவனுடைய பாட்டு அது. மெட்டு ஜேசனுடையது.

டெபோராவின் குரல் கீழ்சுதிக் குரல். கீபோர்டு சேர்ந்தால் அமுங்கிவிடும். ஜேசன் தன்னுடைய எலக்ட்ரிக் கிதாரை ஆலயத்தின் மைக் செட்டில் நேராகச் சொருகிப் பார்த்தான். வண்டு ஒன்று தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்டதுபோல இருந்தது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு சந்துக்குள் வாத்தியக் கடை வைத்திருக்கும் உஸ்மான் பாய்தான் அதற்கு வழி சொன்னார். அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு சின்னப் பெட்டியை எடுத்துவைத்தார். பதினைந்து வாட்.

“பொண்ணு கொரலுக்கு இதான் கரெக்டு. வாசிச்சுப் பாரு” என்றார்.

ஜேசன் கம்பிகளைச் சேர்த்து ஒரு கார்டு மீட்ட, கூட வந்திருந்த டெபோரா முதல் வரியைப் பாடினாள். ஒலி அக்காவின் குரலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. டெபோரா கடையிலேயே முழுப் பாட்டையும் பாடினாள். அன்று இரவே அவன் கடிதத்தை எழுதினான்.

எம்மாவு ஆலயம் பொழிச்சலூரில், விமானங்கள் இறங்கும் பாதைக்கு நேர் கீழே இருக்கிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை போதகர் வாக்கியத்தை நடுவில் நிறுத்தி, விமானம் போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார். அந்தச் சபையில் பிறந்து வளர்ந்தவர்கள் வீட்டில் பேசும்போதும் காரணமில்லாமல் அவ்வப்போது நிறுத்துவார்கள். பழைய போதகர் மாற்றலாகிப் போய், புதியவர் இன்னும் வந்துசேரவில்லை. அதனால் அந்த வருடம் கமிட்டிதான் எல்லாம்.

செப்டம்பரில் ஆம்ப்ளிஃபையர் தேர்வுத் துணைக்குழு அமைக்கப்பட்டது. தலைவர் வேதசிரோமணி, தொலைபேசித் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். உறுப்பினர்கள் இருவர்: மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற ஜெரோம், தலைமை ஆசிரியையாக ஓய்வுபெற்ற ஜெயசீலி டீச்சர். மூவரில் யாரும் கிதாரைத் தொட்டதில்லை. அதுதான் அவர்களுடைய தகுதி என்று தீர்மானத்தில் எழுதியிருந்தது.

முதல் கூட்டம் ஆரம்ப ஜெபத்துடன் தொடங்கியது. ஜெபம் இருபது நிமிடம். ஏழு விமானங்கள் போயின.

“தம்பி, முப்பத்தாறு வருஷம் நான் டெலிஃபோன்ஸ்ல இருந்தவன்” என்றார் வேதசிரோமணி. “ஒருத்தர் பேசுறது இன்னொருத்தருக்குக் கேக்கணும்னா அதுக்கு எவ்வளவு பர்மிஷன் வேணும்னு எனக்குத் தெரியும். என் பீரியட்ல ஒரு கனெக்‌ஷனுக்கு ஏழு வருஷம் காத்திருந்தாங்க. ஒருத்தராவது கம்ப்ளெயின்ட் பண்ணாங்களா? எப்படிப் பண்ணுவாங்க, ஃபோனே இல்லையே!”

அவர் சிரித்தார். மற்ற இருவரும் சிரித்தார்கள். ஜேசனும் கொஞ்சம் சிரித்துவைத்தான்.

“சார், நான் ஆலயத்துச் செலவுல வாங்கச் சொல்லல. என் ஆம்ப்ளிஃபையரைக் கொண்டுவந்து வாசிச்சிட்டு எடுத்துட்டுப் போயிடுறேன்.”

“அது முடியாது. ஆலயத்து கரண்ட்ல ஆலயத்துப் பொருள்தான் ஓடணும்.”

“அப்ப ஆலயத்துக்கே வாங்கிக் குடுத்துடுறேன் சார்.”

“பாத்தியா, இப்ப வழிக்கு வந்துட்ட. ஆலயத்துக்குக் குடுக்கிறதா இருந்தா, எதை வாங்கணும்னு நாங்கதான் முடிவு பண்ணணும்.”

ஜெரோம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். “எத்தனை வாட்ஸ்?”

“பதினஞ்சு சார்.”

“பதினஞ்சா? எங்க வீட்டுப் பின்பக்கத்து பல்பே அதைவிட ஜாஸ்தி தம்பி. பள்ளிக்கரணையில எங்க சம்பந்தி சபையில இருநூறு வாட்ஸ் வெச்சிருக்காங்க. நாம பதினஞ்சு வாங்கினா நாளைக்குக் கன்வென்ஷன்ல எந்த முகத்தோட போய் உக்கார்றது?”

“இருநூறுன்னா எனக்கு பி.பி. ஏறிடும் பிரதர்” என்றார் ஜெயசீலி டீச்சர். “சத்தம் கம்மியாத்தான் இருக்கணும்.”

ஜேசன் பொறுமையாக விளக்கினான். வாட் என்பது மரியாதை இல்லை. பாட்டுக்கும் குரலுக்கும் இடத்துக்கும் ஏற்றபடிதான் ஆம்ப்ளிஃபையரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அக்காவின் குரல் அடியில் ஓடுகிறது. கிதார் அதன்மேல் ஏறக்கூடாது. ஒருமுறை வாசித்துக் காட்டினால் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். மூவரும் தலையாட்டிக் கேட்டார்கள். குறிப்பேட்டில் ஜெயசீலி டீச்சர் முத்து முத்தான கையெழுத்தில் எழுதினார்: ‘விண்ணப்பதாரர் உணர்ச்சிவசப்பட்டார். வாட்ஸ் அதிகமாகவும் சத்தம் குறைவாகவும் உள்ள ஆம்ப்ளிஃபையரைத் தேடுவது என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.’

“இதுக்கு எத்தனை நாள் ஆகும் சார்?” என்று கேட்டான் ஜேசன். “டிசம்பர் மூணாவது ஞாயிறு கீத ஆராதனை.”

“இந்த டிசம்பரா?” என்றார் வேதசிரோமணி. அவர் முகத்தில் உண்மையான வியப்பு இருந்தது.

பம்மலில் இருக்கும் வீட்டுக்கு வந்து அவன் இதைச் சொன்னபோது, டெபோரா டியூட்டி முடிந்து வந்து கால்களை வெந்நீரில் வைத்திருந்தாள்.

“எங்க ஆஸ்பத்திரில ஹார்ட்டுக்குள்ள வைக்கிற வால்வையே மூணு நாள்ல முடிவு பண்ணிடுறாங்கடா.”

“அங்க யாரு முடிவு பண்றாங்க?”

“டாக்டர்.”

“அதான்க்கா பிரச்சினை. இங்க முடிவு பண்றப்ப கிதார் வாசிக்கிறவன் ரூமுக்கு வெளியில உக்காரணுமாம்.”

அக்டோபரில் துணைக்குழு கள ஆய்வுக்குப் புறப்பட்டது. ஒரு வாடகைக் கார், மூன்று தண்ணீர் பாட்டில், ஒரு கோப்பு. உஸ்மான் பாய் கடையில் மூன்று நாற்காலி போட்டு டீ வரவழைத்தார். பழுப்புப் பெட்டியை மேசைமேல் வைத்துத் துடைத்தார்.

“இது சின்னதா இருக்கே?” என்றார் ஜெரோம். அதன் தலையைத் தட்டிப் பார்த்தார்.

“சார், டப்பா சைஸைப் பாக்காதீங்க. பெரிய டப்பா வெச்சீங்கன்னா அந்தப் பொண்ணு கொரலு காணாமப் பூடும். இதுன்னா கொரலோட ஒட்டிக்கினு போவும். உங்க கோயில்ல எத்தினி பேரு உக்காருவாங்க? நூத்தம்பதா? தாராளமா கேக்கும்.”

“நீங்க விக்கிறவரு” என்றார் வேதசிரோமணி. “உங்க அபிப்பிராயத்தை நாங்க எடுத்துக்கக் கூடாது.”

“சரி, எடுத்துக்காதீங்க. தோ, பையன் கீறான், வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க.”

“அவர் விண்ணப்பதாரர். அவர் அபிப்பிராயத்தையும் எடுத்துக்கக் கூடாது.”

“பாடப்போற பொண்ணு?”

“அவங்க விண்ணப்பதாரருக்கு ரத்த சம்பந்தம்.”

உஸ்மான் பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். “அப்ப யாரு சொல்றத சார் எடுத்துக்குவீங்க?”

“இதுல சம்பந்தமே இல்லாதவங்க சொல்றதை” என்றார் வேதசிரோமணி, சிறு குழந்தைக்குச் சொல்வதுபோல. “அதாவது, எங்களை.”

பெட்டியின் நீளம், அகலம், உயரம், எடை ஆகியவை குறிக்கப்பட்டன. பின்பக்கம் கறுப்பாக இருந்ததும் குறிக்கப்பட்டது. சுவிட்சைப் போடும் யோசனை எழவில்லை. அவர்கள் கிளம்பிய பிறகு உஸ்மான் பாய் ஜேசனைத் தோளில் தட்டினார்.

“இன்னாடா இது, பேஜாரு புடிச்ச கேஸா கீது. பேசாம அன்னிக்கு மட்டும் இத எடுத்துக்கினு போ. காசு வாணாம்.”

“உள்ள விடமாட்டாங்க பாய். கேட்ல ஜெரோம் சார் நிப்பாரு.”

நவம்பரில் பரிசோதனை நாள் வந்தது. ஆலயத்துக்குள் மூன்று ஆம்ப்ளிஃபையர்கள் வரிசையாக வைக்கப்பட்டன. உஸ்மான் பாயின் பழுப்புப் பெட்டி ஒன்று. அவரிடமிருந்தே வந்த இன்னும் கொஞ்சம் பெரிய பெட்டி ஒன்று. மூன்றாவது, ஜெரோமின் மச்சான் கூடுவாஞ்சேரியிலிருந்து மினி லாரியில் ஏற்றி அனுப்பியது. மனைப்பிரிவுத் திறப்பு விழாக்களில் பேசுவதற்காகச் செய்யப்பட்ட மைக் செட்டு. இடுப்பு உயரம், இருநூற்றைம்பது வாட்.

ஜேசன் கிதாரை உறையிலிருந்து எடுத்தான்.

“தம்பி, தம்பி! என்ன பண்ற?” என்று வேதசிரோமணி கையை உயர்த்தினார்.

“டெஸ்ட் பண்ண வேண்டாமா சார்?”

“பிரதிஷ்டை பண்ணாத வாத்தியத்தை ஆலயத்துக்குள்ள வாசிக்கலாமா?”

“சரி சார், முதல்ல கிதாரை பிரதிஷ்டை பண்ணிடலாமே.”

“எப்படிப் பண்றது? இது ஆம்ப்ளிஃபையர் இருந்தாத்தான வாத்தியம்? இல்லாட்டி வெறும் கட்டை. கட்டையை யாராவது பிரதிஷ்டை பண்ணுவாங்களா?”

“அப்ப ஆம்ப்ளிஃபையரோட சேத்து...”

“எந்த ஆம்ப்ளிஃபையரோட? அதைத்தான இன்னிக்குத் தேர்ந்தெடுக்கப் போறோம்?”

ஒரு விமானம் போயிற்று. எல்லோரும் நின்றார்கள். அது போன பிறகு ஜேசன் கேட்டான்: “சார், இவ்வளவு சத்தமா பிளேன் போகுது. அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்றதில்லையே?”

“அதுக்கு சென்ட்ரல் கவர்ன்மென்ட் பர்மிஷன் இருக்கு” என்றார் ஜெரோம்.

கிதார் ஒரு மேசைமேல் கிடத்தப்பட்டு வெள்ளைத் துணியால் மூடப்பட்டது. பரிசோதனைக்கு வேறு வழி ஏற்கெனவே யோசித்துவைக்கப்பட்டிருந்தது. ஜெயசீலி டீச்சர் மூன்று ஆம்ப்ளிஃபையர்களிலும் மைக்கைச் சொருகி நூற்றைம்பதாம் சங்கீதத்தை வாசிப்பார். உச்சரிப்புக்கு நாற்பது மதிப்பெண், தெளிவுக்கு நாற்பது, தோற்றத்துக்கு இருபது.

பழுப்புப் பெட்டியில் டீச்சரின் குரல், வாயைத் துணியால் பொத்திக்கொண்டு பேசுவதுபோல வந்தது. பெட்டி கிதாருக்காகச் செய்யப்பட்டது. அதற்கு சங்கீதம் வாசிக்கத் தெரியவில்லை. பதினெட்டு மதிப்பெண். இரண்டாவதற்கு இருபத்திரண்டு. மூன்றாவதில் அவர் முதல் வரியை வாசித்ததுமே எதிர்வீட்டு நாய் குரைத்தது. பக்கத்துத் தெருவில் ஒருவர் எழுந்து நின்றதாகப் பிறகு சொன்னார்கள். டீச்சரின் கண்கள் கலங்கிவிட்டன.

“காலைல ஸ்கூல் பிரேயர்ல பேசுற மாதிரியே இருக்கு பிரதர். ரிட்டயர் ஆகி ஒன்பது வருஷத்துல இன்னிக்குத்தான் நான் பேசுறது எனக்கே கேக்குது.”

தொண்ணூற்றொன்பது மதிப்பெண். ஒரு மதிப்பெண்ணைத் தாழ்மைக்காகக் குறைத்துக்கொண்டார்கள்.

“டீச்சர்” என்றான் ஜேசன். “ஒரே ஒரு தடவை கிதாரைச் சொருகிப் பாக்கலாம் டீச்சர். ஒரு நிமிஷம்.”

“கிதார் என்னப்பா சொல்லப்போகுது?” என்றார் ஜெயசீலி டீச்சர் அன்பாக. “அதுக்கு வசனம் தெரியுமா?”

ஜேசன் அன்று திரிசூலம் நிலையம் வரை கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தான். எங்கே போவதென்று தெரியாமல் ஒரு ரயிலில் ஏறித் தாம்பரத்தில் இறங்கி, உஸ்மான் பாய் கடைக்குப் போய், அதற்குள் ஆலயத்திலிருந்து திரும்பி வந்திருந்த பழுப்புப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாசித்தான். பாய் ஷட்டரைப் பாதி இறக்கிவைத்தார்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஜேசன் பணத்தைக் கட்டினான். இருநூற்றைம்பது வாட் ஆம்ப்ளிஃபையர் ஆலயத்தின் சொத்தானது. இனி கேள்வி, அதில் யார் பெயரைப் போடுவது என்பது.

“பேர் ஒண்ணும் வேண்டாம் சார்.”

வேதசிரோமணி அதிர்ந்துபோனார். “பேரில்லாத பொருள் ஒண்ணு இந்த ஆலயத்துல காட்டு பாக்கலாம்!”

ஜேசன் சுற்றிப் பார்த்தான். பெஞ்சுகளில் பெயர் இருந்தது. கடிகாரத்தில், கதவில், செருப்பு வைக்கும் அலமாரியில் பெயர் இருந்தது. மின்விசிறியின் இறக்கை ஒவ்வொன்றிலும் பெயர் இருந்தது. விசிறி சுற்றும்போது படிக்க முடிவதில்லை என்பதால், அந்தக் குடும்பத்தார் மின்சாரம் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மனநிறைவோடு வீடு திரும்புவார்கள்.

கொடுத்தவர் பெயர் வேண்டாம் என்றால், தேர்ந்தெடுத்தவர்கள் பெயர்களைப் போடுவதுதான் முறை என்று தீர்மானமாயிற்று. பல்லாவரத்தில் கறுப்பு கிரானைட் வாங்கி, மூன்று பெயர்களும் முன்னாள் பதவிகளோடு செதுக்கப்பட்டன. அப்போதும் இடம் மிஞ்சியதால் ஒரு வசனமும், ஒரு புறாவும். கல்லை ஆம்ப்ளிஃபையரின் முகப்பில், ஸ்பீக்கர் வலையின்மேல், நான்கு மூலையிலும் பித்தளை போல்ட் போட்டு இறுக்கினார்கள்.

“சார், சத்தம் வர்ற இடம் அதுதான்.”

“சத்தம் எந்தப் பக்கம் வேணும்னாலும் வரட்டும் தம்பி. பேர் முன்னாடிதான இருக்கணும்?”

கடைசியாக, ஒலியின் அளவு. அதை ஒரு தனிமனிதன் கையில் விடக்கூடாது என்பதில் மூவருக்கும் ஒரே கருத்து. காணிக்கைப் பெட்டிக்கு மூன்று பூட்டு, மூன்று சாவி, மூன்று பேர் கையில். அதே முறையில் ஆம்ப்ளிஃபையரின் குமிழ்களுக்குமேல் ஓர் இரும்புக் கூண்டு பற்றவைக்கப்பட்டது. பத்தில் எந்த எண்ணில் வைப்பது என்று ரகசிய வாக்கெடுப்பு நடந்தது. ஒன்று, ஒன்று, நான்கு என்று விழுந்தது. சராசரி இரண்டு. குமிழை இரண்டில் வைத்து, ஜெபித்து, மூன்று பூட்டையும் பூட்டினார்கள்.

“அந்த நாலு யாரு போட்டது?” என்று டெபோரா கேட்டாள்.

“தெரியல. ஜெரோம் சாரா இருக்கும். கரண்ட்காரர்ல்ல.”

“எனக்கு மைக் இருக்கும்லடா?”

“உனக்கு மைக் இருக்கு. எனக்குத்தான் கல்லு.”

டிசம்பர் மூன்றாம் ஞாயிறு மாலை ஆலயம் நிறைந்திருந்தது. பாடகர் குழு எட்டுப் பாட்டுப் பாடியது. அதன் பிறகு ஆம்ப்ளிஃபையருக்கும் கிதாருக்கும் சேர்த்துப் பிரதிஷ்டை. பட்டுத்துணி விலக்கப்பட்டது, ரிப்பன் வெட்டப்பட்டது. கல்லில் இருந்த பெயர்களை ஜெயசீலி டீச்சர் உரக்க வாசித்தார். துணைக்குழு கூடிய நாட்கள், போன தூரம், குடித்த டீ எல்லாவற்றையும் வேதசிரோமணி நாற்பது நிமிடம் விவரித்தார்.

“ஒரு பொருளை வாங்குறது சுலபம் சகோதரரே. யார் வேணும்னாலும் கடைக்குப் போய் வாங்கிடலாம். வாங்காம இருக்கிறதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டத்தை இந்தச் சபைக்காக நாலு மாசம் நாங்க பட்டோம்.”

கைதட்டல் எழுந்தது. டெபோராவின் பாட்டுக்கு நேரம் மூன்று நிமிடமாகக் குறைக்கப்பட்டிருப்பதாக ஜெரோம் வந்து காதில் சொல்லிவிட்டு, வெளியே கேக் வெட்டுவதை மேற்பார்வையிடப் போனார். ஒரு சாவி அவரோடு போனது.

டெபோரா மைக் முன்னால் நின்றாள். நீலப் புடவை கட்டியிருந்தாள். ஜேசன் கிதாரைச் சொருகி முதல் கார்டை மீட்டினான். கல்லுக்குப் பின்னால் எங்கோ, அடுத்த வீட்டில் யாரோ மாவு சலிப்பதுபோல ஒன்று கேட்டது. மறுபடி மீட்டினான். அதுவும் இல்லை. குனிந்து கூண்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தான், நுழையவில்லை. நூற்றைம்பது பேர் அமைதியாகக் காத்திருந்தார்கள்.

டெபோரா சுதிக்காகக் கொஞ்சம் காத்துப் பார்த்தாள். பிறகு பாட ஆரம்பித்தாள். இரண்டு வரி பாடியதும் நிறுத்தி, திரும்பி, மைக்கை விட்டுவிட்டு நான்கு எட்டில் அவனிடம் வந்துவிட்டாள். அவன் பக்கத்தில், பலிபீடத்துப் படியில், புடவை கசங்க உட்கார்ந்து கிதாரின் கட்டையருகே காதை வைத்தாள். கம்பி தன் சொந்தச் சத்தத்தில், கொசுவின் அளவுக்கு, சரியான சுதியில் பேசிக்கொண்டிருந்தது. அவள் அந்த அளவுக்கே தன் குரலையும் இறக்கி முதலிலிருந்து பாடினாள்.

மூன்று நிமிடம் சபை அதைப் பார்த்தது. ஒருத்தியின் வாய் அசைந்தது, ஒருவனின் விரல்கள் அசைந்தன, வேறொன்றும் நடக்கவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் இது ஏதோ புதுவிதத் தியானம் என்று நினைத்துத் தலைகுனிந்தார்கள். அவர்களைப் பார்த்துப் பின்வரிசையும் குனிந்தது. பாட்டு முடிந்ததா என்று யாருக்கும் தெரியவில்லை. டெபோரா எழுந்தபோது ‘ஆமென்’ சொன்னார்கள்.

வேதசிரோமணி மைக்குக்கு விரைந்தார். அவர் முகம் மலர்ந்திருந்தது.

“சகோதரரே, இருநூத்தம்பது வாட்ஸ்! யாருக்காவது இடைஞ்சலா இருந்துச்சா? ஒரு குழந்தை அழுதுச்சா? டெலிஃபோன்ஸ்ல முப்பத்தாறு வருஷத்துல இவ்வளவு க்ளியரான சைலன்ஸை நான் கேட்டதில்ல. இதுதான் நாங்க தேடின ஆம்ப்ளிஃபையர்!”

ஜெயசீலி டீச்சர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். டிரம்ஸுக்கும் இதேபோல ஒரு கல் பார்க்கலாம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

வெளியே, வாசல் வேப்பமரத்தடியில் வரிசையாகக் கேக் கொடுத்தார்கள். ஜேசன் வாங்கவில்லை. கிதார் உறையின் ஜிப்பைப் போட்டுக்கொண்டிருந்தான். டெபோரா இரண்டு துண்டுகளோடு வந்து ஒன்றை அவன் வாயருகே நீட்டினாள்.

“ரெண்டாவது சரணத்துல ஒரு இடம் தப்பா வாசிச்சடா.”

“கேட்டுச்சா உனக்கு?”

“எல்லாம் கேட்டுச்சு.”

அவன் கேக்கைக் கடித்தான். கொஞ்ச நேரம் மென்றான்.

“நீயும்தான்க்கா. கடைசி வரியில சுதி இறங்கிட்ட.”

“தெரியும்” என்றாள் டெபோரா. “யாருக்கும் கேக்காதுன்னு விட்டுட்டேன்.”